காரைக்குடி ஏ. வி. மெய்யப்பச் செட்டியாரும் திரையிற் கண்ட மாணாக்கரும்

கலாசாலைச் சஞ்சிகையில் ஒரு படமுதலாளியின் சரிதம் இடம் பெறுவது நம் வாசகருட் சிலருக்கு வியப்பைத் தரலாம். புலவர், போதகர், தேசத் தொண்டர் ஆகியோரின் வாழ்க்கையையே இப்பக்கங்களில் படித்துப் பழகியவர்கள், சினிமாவுக்கும் கலாசாலைக்கும் என்ன உறவு என்று வினவக்கூடும். உறவு உண்டு, அதுவும் நெருங்கிய உறவு. கலாசாலை வாயிலை ஒரு நாளும் மிதித்தறியாத பல்லாயிரவர் மாணாக்கர் என்போர் எத்தகையர் என்று அறிந்துகொண்டது திரையின் வழியாகவே. திரையில் மாணாக்கன் அசடனாகத் தோன்றினால் ஊரார் நம்மைக் கண்டு நகைத்தனர். வீரனாகத் தோன்றினால் நம்மிடம் வீரத்தை எதிர்பார்த்தனர். ஆதலின் நம்மைச் சித்திரித்த கைகளைப் பற்றி நாம் அறிந்திருத்தல் தகும். அக்கைகளுள் வலிமை மிக்க ஒன்று செட்டிநாட்டிலே, காரைக்குடியிலே தோன்றியது. அக்கைக்கு உரியவர் கலாசாலையிற் கல்லாத ஒருவர் என்பதே இச்சரிதத்தின் சுவை.

இளமையும் வாணிகமும்

இன்று சிவகங்கை மாவட்டத்தில் உள்ள காரைக்குடியில், 1907ஆம் ஆண்டு ஜூலை மாதம் 28ஆம் நாள், ஆவிச்சி செட்டியாருக்கும் லட்சுமி ஆச்சிக்கும் மைந்தராக மெய்யப்பர் பிறந்தார். தந்தையார் காரைக்குடியில் 'ஏ. வி. அண்டு சன்ஸ்' என்னும் பெயரில் கடை நடத்தியவர். நகரத்தார் குலத்துப் பிள்ளைகள் இளமையிலேயே பெட்டியடிக்குச் சென்று, கணக்கும் கடிதமும் பழகி, கடல் கடந்து கொண்டுவிற்கப் போவது அக்காலத்து வழக்கம். மெய்யப்பரும் பள்ளிப் பருவத்திலேயே கடையில் அமர்ந்தார். ஆனால் அவருடைய கருத்து பர்மாவிலும் மலேயாவிலும் செல்லவில்லை; கடையில் விற்ற கிராமபோன் இசைத்தட்டிலே சென்றது.

இசைத்தட்டு விற்பவன் ஓர் உண்மையை விரைவில் உணர்கிறான். வாங்குவோன் இராகத்தின் இலக்கணத்தைக் கேட்பதில்லை. தன் மனத்துக்கு இசைந்த குரலைக் கேட்கிறான். சனங்களின் செவி எதை நாடுகிறது என்று நாள்தோறும் கல்லாவிலிருந்து கற்றுக்கொண்ட பாடமே மெய்யப்பருக்குப் பல்கலைக்கழகமாயிற்று. பின்னர் அவர் சென்னை சென்று, கூட்டாளிகளுடன் சரஸ்வதி ஸ்டோர்ஸ் என்னும் இசைத்தட்டு நிலையத்தை நிறுவினார். நாடக மேடையின் புகழ்பெற்ற பாடகர்கள் அதன் வாயிலாகத் தமிழ்நாட்டு இல்லங்களுக்குள் புகுந்தனர்.

பேசும்படம் தமிழில் தோன்றியது 1931ஆம் ஆண்டு. இசைத்தட்டுக் கடைக்காரர் அதன் பக்கம் திரும்பியதில் வியப்பில்லை. 1935இல் கல்கத்தா சென்று 'அல்லி அர்ஜுனா' என்னும் படத்தை எடுத்தார். அது நஷ்டத்தில் முடிந்தது. அடுத்த 'ரத்னாவளி'யும் கைகொடுக்கவில்லை. இரண்டு அடி விழுந்தபின் பெரும்பாலோர் பழைய கடைக்குத் திரும்பியிருப்பர். மெய்யப்பரோ தோல்விக்குக் காரணத்தை ஆராய்ந்தார். 1938இல் வெளிவந்த 'நந்தகுமார்' அவரை நிலைநிறுத்தியது. டி. ஆர். மகாலிங்கம் சிறுவராக முதன்முதல் தோன்றிய அப்படத்தில், தேவகியாக நடித்தவரின் பாட்டு திருப்தி தரவில்லை என்று கண்டு, லலிதா வெங்கட்ராமன் என்பவரைப் பாடச் செய்து அக்குரலைப் பொருத்தினார். தமிழ்ப் படத்தில் பின்னணிப் பாட்டு என்பது அவ்வாறு புகுந்தது. பார்வைக்கு ஒருவர், கேள்விக்கு ஒருவர் என்னும் இந்த உபாயம் இசைத்தட்டுக் கடையில் செவியைப் பழக்கிய ஒருவருக்கே எளிதில் தோன்றக்கூடியது.

சபாபதி: நகைப்புக்கு இடமான மாணாக்கன்

1941ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் 'சபாபதி' வெளிவந்தது. பம்மல் சம்பந்த முதலியார் எழுதிய நாடகத்தைத் தழுவிய படம் அது. மெய்யப்பரும் ஏ. டி. கிருஷ்ணசாமியும் அதனை இயக்கினர். அதுவரையில் தமிழ்த் திரையை நிறைத்திருந்தவர்கள் தேவரும் அசுரரும் முனிவரும் மன்னரும். இப்படத்திலோ கதாநாயகன் பரீட்சையில் தேறாத ஒரு பணக்கார வீட்டுப் பிள்ளை! டி. ஆர். ராமச்சந்திரன் தம் உருண்டை விழிகளை மலர மலர விழித்து அப்பிள்ளையாகவே ஆகிவிட்டார். அவன் பெயரையே கொண்ட வேலைக்காரனாகக் காளி என். ரத்தினம் தோன்றினார். எசமான் சொல்லும் சொல்லின் கருத்தை விடுத்துச் சொல்லை மட்டும் பற்றிக்கொள்ளும் மூடன் அவன். தமிழாசிரியராக கே. சாரங்கபாணி நடித்தார், அவரிடம் சபாபதி பாடம் கேட்கும் காட்சிகளைக் கண்டு நகையாதவர் இலர்.

அந்நகைப்பின் உட்பொருளை நாம் சிறிது எண்ணிப் பார்த்தல் வேண்டும். வீட்டில் செல்வம் இருக்கிறது, ஆசிரியர் இருக்கிறார், புத்தகம் இருக்கிறது, படிப்பு மட்டும் ஏறவில்லை. ஏன்? படிப்பு அவனுக்குப் பொருளற்ற சுமையாக வைக்கப்பட்டது. உத்தியோகத்துக்கும் தேவையின்றி, உள்ளத்துக்கும் சுவையின்றி, குடும்ப கௌரவத்துக்காகப் பரீட்சைக்குப் போகும் பிள்ளைகள் அக்காலத்தில் எத்தனையோ பேர். இக்காலத்தில் இல்லை என்று சொல்லவும் நமக்கு நா எழவில்லை. அவனைத் தேற்றி மேலேற்றுபவள் அவன் மனைவி. படித்த பெண்ணாகிய அவள் பொறுமையுடன் கற்பிக்க, அவன் தேறுகிறான். பெண்கல்வி குடும்பத்தைக் கெடுக்கும் என்று பெரியோர் பலர் எண்ணியிருந்த நாளில், படித்த மனைவியே கணவனின் ஆசிரியை ஆவதைச் சிரிப்பினூடே காட்டியது சிறு செயலன்று. உபதேசத்தைச் சிரிப்பில் பொதிந்து விற்றால் விலைபோகும் என்று மெய்யப்பர் அறிந்திருந்தார்.

எனினும் மற்றொன்றையும் நாம் மறைத்தல் கூடாது. 'சபாபதி' வெளிவந்து எட்டு மாதத்துக்குள், 1942 ஆகஸ்டில், 'வெள்ளையனே வெளியேறு' இயக்கம் மூண்டது. தேசமெங்கும் மாணாக்கர் வகுப்பை விட்டு வெளியேறினர். காரைக்குடிக்கு அண்மையிலுள்ள தேவகோட்டையில் நீதிமன்றக் கட்டடம் தீக்கிரையாயிற்று. துப்பாக்கிப் பிரயோகத்தில் உயிர்கள் மாண்டன. திருவாடானைச் சிறையை மக்கள் திரண்டு உடைத்து, உள்ளே இருந்த இளைஞர் சின்ன அண்ணாமலையை விடுவித்தனர். இவ்வளவும் மெய்யப்பரின் சொந்த நாட்டில் நிகழ்ந்தவை. ஆயின் அந்நாளையத் திரையில் இவற்றுள் ஒன்றுக்கேனும் இடமில்லை. சர்க்காரின் தணிக்கை ஒருபுறம். 1939இல் வந்த 'தியாகபூமி' தடைக்குள்ளானது படமுதலாளிகள் யாவர்க்கும் எச்சரிக்கையாக நின்றது. யுத்தகாலத்துப் படச்சுருள் பஞ்சம் மறுபுறம். ஜப்பானியர் குண்டுக்கு அஞ்சிச் சென்னையே காலியான காலம் அது. திரையில் மாணாக்கன் பாடம் ஒப்பிக்கத் தெரியாமல் விழித்துக்கொண்டிருந்தபோது, வெளியில் மாணாக்கன் சிறை சென்றுகொண்டிருந்தான்.

தேவகோட்டை ரஸ்தாவில் ஒரு கொட்டகை

யுத்தம் முடியும் தறுவாயில் வந்த 'ஸ்ரீ வள்ளி' மெய்யப்பருக்குப் பெரும் வெற்றி தந்தது. 1945 அக்டோபரில் ஏ. வி. எம். என்னும் தம் பெயரெழுத்துக்களையே சின்னமாகக் கொண்டு புதிய ஸ்தாபனம் கண்டார். சென்னையில் ஸ்டூடியோ கட்டுதற்கு வேண்டிய வசதிகள் அப்போது கிட்டவில்லை. ஆகவே அவர் சொந்த ஊருக்கே திரும்பி, காரைக்குடியை அடுத்த தேவகோட்டை ரஸ்தாவில் ஒரு நாடகக் கொட்டகையையும் சூழ்ந்த நிலத்தையும் வாடகைக்கு அமர்த்தி, கீற்றுக் கொட்டகைகள் எழுப்பினார். பர்மாத் தேக்கும் இத்தாலியச் சலவைக்கல்லும் நிறைந்த மாளிகைகளுக்குப் பெயர்போன செட்டிநாட்டிலே, தமிழ்ப் படக்கலையின் ஒரு புதிய அத்தியாயம் ஓலைக்கூரையின் கீழ்த் தொடங்கியது. நடிகரும் பாடகரும் தொழில்நுட்பத்தாரும் அங்கேயே தங்கி ஒரு குடும்பம்போல் உழைத்தனர்.

அக்கொட்டகையில் உருவான 'நாம் இருவர்' 1947 ஜனவரியில், பொங்கலையொட்டி, சுதந்திரம் வருவதற்கு ஏழு மாதங்களுக்கு முன் வெளிவந்தது. பா. நீலகண்டனின் நாடகத்திலிருந்து பிறந்த கதை அது. பாரதியார் விழாவில் தொடங்கிக் காந்தியடிகளின் பிறந்தநாள் விழாவில் முடியும். கள்ளச்சந்தை வியாபாரியாக இளைஞர் வி. கே. ராமசாமி முதியவர் வேடம் தரித்துத் திரைக்கு அறிமுகமானார். டி. கே. பட்டம்மாளின் குரலுக்குக் குமாரி கமலா ஆடிய நடனங்கள் தமிழ்நாட்டைக் கவர்ந்தன. வரப்போகும் விடுதலையை வந்துவிட்டதாகவே கருதிப் பாடும் பாரதியின் வாக்குத் திரையில் முழங்கியபோது, கொட்டகைகளில் இருந்த இளைஞர்கள் அடைந்த உணர்ச்சியைச் சொல்லி முடியாது. சபாபதியைக் கண்டு சிரித்த மாணவப் பருவத்தார் இப்போது விழாவில் நின்று பாடும் இளைஞரைக் கண்டனர். திரையில் இளைஞனுக்கு முதன்முறையாக ஒரு தேசம் கிடைத்தது.

இங்கே மெய்யப்பரின் வாழ்க்கையில் நாம் என்றும் நினைவிற் கொள்ளத்தக்க ஒரு செயல் வருகிறது. பாரதி பாடல்களைப் பயன்படுத்தும் உரிமையை அவர் விலை கொடுத்து வாங்கி வைத்திருந்தார். வணிகர் கணக்கில் அது வற்றாத கிணறு. சென்னை மாகாணத்து முதன்மந்திரி ஓமந்தூர் ராமசாமி ரெட்டியார் காலத்தில், பாரதியின் படைப்புக்கள் மக்களுக்குப் பொதுவாதல் வேண்டும் என்னும் குரல் எழுந்தது. அரசு 1949இல் அவற்றைப் பொதுவுடைமையாக்க முற்பட்டபோது, மெய்யப்பர் தம் உரிமைக்கு ஈடாக ஒரு காசும் பெறாமல் விட்டுக்கொடுத்தார். இன்று நம் கலாசாலைப் பாரதி விழாவில் ஒரு மாணவி எவரையும் கேளாமல் மேடையேறிப் பாரதியைப் பாடுகிறாளெனில், அவ்வுரிமைக்குப் பின்னால் காரைக்குடி வணிகர் ஒருவரின் கொடையும் நிற்கிறது.

ஓர் ஆண்டு, இரு நிறுவனங்கள்

1947ஆம் ஆண்டில் காரைக்குடி இரண்டு புதுமைகளைக் கண்டது. ஒன்று 'நாம் இருவர்'. மற்றொன்று கலாசாலை. கோட்டையூர் அழகப்பச் செட்டியார், மெய்யப்பரைவிட இரண்டாண்டு இளையவர். சென்னை மாநிலக் கல்லூரியிற் படித்து எம். ஏ. பட்டமும், சீமையிற் பாரிஸ்டர் பட்டமும் பெற்றவர். அன்னி பெசன்ட் அம்மையாரின் நூற்றாண்டு விழாவில், துணைவேந்தர் ஏ. இலட்சுமணசுவாமி முதலியார் கலாசாலைகள் பெருக வேண்டும் என்று விடுத்த வேண்டுகோளைக் கேட்டு, அவ்விடத்திலேயே நிதி அளிக்க முன்வந்து, அவ்வாண்டு ஆகஸ்டிலேயே காரைக்குடியில் கலாசாலையைத் திறந்தார். பின்னர் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையத்துக்கென முந்நூறு ஏக்கர் நிலமும் பதினைந்து இலட்சம் ரூபாயும் தந்தார். தம் மாளிகையையே பெண்கள் கலாசாலைக்கு ஈந்தார். 1957இல் அவர் மறைந்தபோது அவர் கட்டிய வித்தியாநகரம் அவருக்குச் சின்னமாய் நின்றது. 1985இல் அது பல்கலைக்கழகமாயிற்று.

மெய்யப்பரின் கீற்றுக் கொட்டகையோ நிலைக்கவில்லை. 1948இல் 'வேதாள உலகம்' வெளிவந்த காலத்தில் அவர் தம் ஸ்தாபனத்தைச் சென்னை வடபழனிக்குக் கொண்டு சென்றார். காரைக்குடியில் படம் பிறந்த இடம் வெறும் நினைவாயிற்று. படிப்பு பிறந்த இடம் ஆலமரமாயிற்று. இதனைக் கூறுவது ஒருவரை உயர்த்தி மற்றவரைத் தாழ்த்துவதற்காக அன்று. கற்றவர் கலாசாலை கட்டினார்; கல்லாதவர் கற்றோரைப் பற்றிப் படம் எடுத்தார். இரண்டும் ஒரே மண்ணில், ஒரே காலத்தில் எழுந்தவை. அழகப்பர் மாணாக்கருக்கு இருக்க இடம் தந்தார். மெய்யப்பர் மாணாக்கருக்கு ஊரார் மனத்தில் ஓர் உருவம் தந்தார். அவ்வுருவம் எத்தகையது என்பதே நம் கேள்வி.

வாழ்க்கை, பராசக்தி, அந்த நாள்

சென்னைக்குச் சென்றபின் 1949இல் வெளிவந்த 'வாழ்க்கை' ஒரு கலாசாலைப் பெண்ணை நடுவில் வைத்தது. மோகனா என்னும் அப்பாத்திரத்தில் வைஜயந்திமாலா முதன்முதல் தோன்றினார். கைவிடப்பட்ட ஒரு பேதைப் பெண்ணின் துயரமும், படித்த பெண்ணின் துணிவும் அக்கதையில் எதிரெதிராக நின்றன. 'சபாபதி'யில் கணவனுக்குப் பாடம் சொல்லும் அளவுக்குப் படித்திருந்த பெண், எட்டாண்டில் தன் வாழ்வைத் தானே தீர்மானிக்கும் பெண்ணாக வளர்ந்திருந்தாள். படம் தெலுங்கிலும் இந்தியிலும் மீண்டும் எடுக்கப்பெற்று, மெய்யப்பரின் பெயரை வடநாட்டிலும் பரப்பியது.

1952 தீபாவளிக்கு வந்த 'பராசக்தி'யில் பி. ஏ. பெருமாளுடன் மெய்யப்பர் கூட்டாளி. புதுமுகமான சிவாஜி கணேசனின் மெலிந்த தோற்றம் மெய்யப்பருக்கு முதலில் பிடிக்கவில்லை. வேறொருவரைப் போட எண்ணினார். பெருமாளின் பிடிவாதமே கணேசனைக் காத்தது. அக்கதையில் மாணாக்கன் என்று எவனும் முன்னிற்கவில்லை. ஆயினும் மாணவர் இயக்கம் அதனுள் வேறொரு வாயில் வழியே புகுந்தது. வசனம் எழுதிய மு. கருணாநிதி, 1938இல் இந்தி கட்டாயப் பாடமாக்கப்பட்டதை எதிர்த்து எழுந்த கிளர்ச்சியில் திருவாரூர்ப் பள்ளி மாணவராக ஊர்வலம் சென்றவர். 'மாணவ நேசன்' என்று கையெழுத்துப் பத்திரிகை நடத்தியவர். மாணவர் மன்றம் கண்டவர். அந்தப் பள்ளிப் பிள்ளையின் குரலே பதினான்கு ஆண்டு கழித்துத் திரையின் நீதிமன்றக் காட்சியில் ஒலித்தது. படத்தைத் தடை செய்ய வேண்டும் என்று எதிர்ப்பு எழுந்தது, தடை வரவில்லை, படம் நிலைத்தது. மாணவர் இயக்கத்தைத் திரை தன் பாத்திரமாக ஏற்கவில்லை, எழுதுகோலாக ஏற்றது. இதனை நம் வாசகர் ஊன்றிக் கவனிக்க வேண்டும்.

இவ்வரிசையில் நாம் தலையாயதாகக் கருதுவது 1954இல் வந்த 'அந்த நாள்'. 1943 அக்டோபரில் சென்னைமீது ஜப்பானியர் குண்டு வீசிய நாளை ஒட்டி நிகழும் கதை. ராஜன் என்னும் ரேடியோ என்ஜினீயர் சுடப்பட்டு இறந்து கிடக்கிறான். விசாரணையில் ஒவ்வொருவரும் தாம் கண்டதைச் சொல்ல, ஒவ்வொரு கூற்றிலும் வேறொரு ராஜன் தோன்றுகிறான். எஸ். பாலசந்தர் இயக்கிய அப்படத்தில் பாட்டு இல்லை, நடனம் இல்லை. பாட்டை விற்றே வாழ்வைத் தொடங்கிய ஒருவர், பாட்டே இல்லாத தமிழ்ப் படத்துக்குப் பணம் போட்டார் என்பதை எண்ணுக! அவருக்கு ஐயம் இல்லாமல் இல்லை. கல்கத்தாவிலிருந்து வந்த தமிழ்ப் பேராசிரியர் என். விசுவநாதன் முதலில் ராஜனாக நடித்தார். எடுத்த பகுதி நிறைவளிக்காமையால் மெய்யப்பர் அதனைத் தள்ளிவிட்டுச் சிவாஜி கணேசனை அமர்த்தினார். இயக்குநருக்கும் அவருக்கும் கருத்து மாறுபாடு நேர்ந்தது. எனினும் படம் முடிந்தது. வசூலில் அது பெரு வெற்றி பெறவில்லை, மதிப்பில் பெற்றது, தேசிய விருதுக் குழுவினரின் தகுதிச் சான்றிதழும் அதற்குக் கிடைத்தது.

ராஜனும் அவன் மனைவி உஷாவும் கலாசாலையில் சந்தித்தவர்கள். தேசபக்தர் குடும்பத்தில் வந்தவள் அவள். தாய்நாடு என்னும் சொல்லே அவளுக்கு மந்திரம். அவனோ அறிவையும் திறமையையும் தெய்வமாகக் கொண்டவன். தேசபக்தி பற்றி அவன் கருத்து வேறு. கருத்து வேறுபட்டும் அன்பு மலர்ந்தது. படிப்பு முடிந்து, தன் அறிவின் விளைவை நாட்டுக்கு அளிக்க அவன் முற்பட்டபோது, அரசு அதனைப் பொருட்படுத்தவில்லை. புறக்கணிப்புப் புண்ணாகி, புண் புரையோடி, அவன் பகைவருக்கு ஒற்றனானான். உண்மை அறிந்த உஷா கணவனுக்கும் நாட்டுக்கும் இடையே நிற்கிறாள். முடிவை அறியாதார் படத்திலேயே காண்க.

கலாசாலை விவாத மேடையில் ஒரு பொழுதுபோக்காகப் பேசப்படும் கருத்து, வாழ்க்கையில் உயிரைக் கேட்கும் கேள்வியாக மாறக்கூடும் என்பதை அப்படம் காட்டியது. ராஜன் செய்தது துரோகம், அதில் ஐயமில்லை. ஆயின் படித்தவனின் திறமையைப் பயன்கொள்ளாத நாடு, அவன் வழி தவறுதற்கு இடங்கொடுக்கிறது என்னும் குற்றச்சாட்டும் அதனுள் இருக்கிறது. பட்டம் பெற்று வேலைக்கு அலையும் இளைஞர் இருக்கும் வரையில் அக்கேள்வி பழமையடையாது. மாணாக்கனைக் கண்டு சிரிக்கவும் செய்யாமல், அவனுக்கு மாலை சூட்டவும் செய்யாமல், அவன் மனத்துள் நுழைந்து பார்த்த படம் என்று இதனையே நாம் சொல்லுவோம்.

1965உம் 1966உம்

அந்தத் துணிவு தொடர்ந்து வளர்ந்ததா? இங்கே சரிதக்காரன் நடுநிலைமை பிறழ்தல் ஆகாது. 1965 ஜனவரி 26 முதல் இந்தியே மத்திய அரசின் ஆட்சிமொழி ஆகும் என்ற நிலை நெருங்கியபோது, தமிழ்நாட்டு மாணாக்கர் வீதிக்கு வந்தனர். ஜனவரி 27ஆம் நாள் சிதம்பரத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழக மாணாக்கர் இராசேந்திரன் துப்பாக்கிக் குண்டுக்கு இரையானார். செட்டிநாட்டுக் கானாடுகாத்தான் வள்ளல் ராஜா சர் அண்ணாமலைச் செட்டியார் 1929இல் தோற்றுவித்த பல்கலைக்கழகம் அது. கிளர்ச்சி வாரக்கணக்கில் நீண்டது. பலர் உயிர் நீத்தனர். மத்திய மந்திரிகளான சி. சுப்பிரமணியமும் ஓ. வி. அளகேசனும் இராஜிநாமாக் கடிதம் கொடுத்தனர். பிரதம மந்திரி லால்பகதூர் சாஸ்திரி வானொலியில் உறுதிமொழி அளித்தார். 1967இல் ஆட்சிமொழிச் சட்டம் திருத்தப்பட்டது; அவ்வாண்டிலேயே மாகாணத்தில் ஆட்சியும் மாறியது. மாணாக்கர் இயக்கம் ஒரு நாட்டின் போக்கை மாற்றியதற்கு இதனினும் தெளிந்த சான்று வேண்டுவதில்லை.

அதற்கு அடுத்த பொங்கலில், 1966 ஜனவரியில், ஏ. வி. எம்மின் முதல் வண்ணப்படமாகிய 'அன்பே வா' வெளிவந்தது. எம். ஜி. ராமச்சந்திரனும் சரோஜாதேவியும் நடித்த அழகிய களியாட்டப் படம். அதில் இளைஞர் கூட்டம் சிம்லா மலையில் ஆடிப் பாடி, கதாநாயகனைக் கேலி செய்து மகிழ்கிறது. படம் பெருவெற்றி கண்டது. ஓராண்டுக்கு முன் வீதியில் இரத்தம் சிந்திய அதே வயதினர், திரையில் பனிமலைச் சாரலில் நடனமிட்டனர்.

இதற்காக மெய்யப்பரைப் பழித்தல் நீதியாகாது. தணிக்கையின் கத்திரி கூர்மையாக இருந்தது. ஒரு படத்தில் முடங்கும் முதல், நூற்றுக்கணக்கான தொழிலாளர் குடும்பங்களின் சோறு. துயரத்தை நேரிற் கண்ட சனங்கள் கொட்டகையில் அதனை மறக்கவே விரும்பினர் என்பதும் மெய். இசைத்தட்டுக் கடையில் கற்ற பாடத்தை அவர் மறக்கவில்லை. கேட்போர் விரும்புவதைக் கொடுத்தார். ஆயினும் 'அந்த நா'ளில் சனங்கள் கேளாததையும் அவர் ஒருமுறை கொடுத்தாரே என்னும் ஏக்கம் நமக்கு எழாமல் இல்லை. பல்கலைக்கழக மாணாக்கரின் அரசியலை நேராக எடுத்துக்கொண்ட படங்கள் தமிழில் வெகு காலம் அரிதாகவே இருந்தன. 2004இல் மணிரத்தினம் இயக்கிய 'ஆய்த எழுத்து' அவ்வகையிற் குறிப்பிடத்தக்கது. அதன் மாணவத் தலைவன் பாத்திரத்துக்கும் தூண்டுகோல் தமிழ்நாட்டிலிருந்து வரவில்லை. ஐதராபாத் உஸ்மானியாப் பல்கலைக்கழகத்தில் 1972இல் கொல்லப்பட்ட ஜார்ஜ் ரெட்டியின் வாழ்விலிருந்து வந்தது.

இறுதியும் படிப்பினையும்

மெய்யப்பர் விடியலில் எழுந்து ஸ்டூடியோவைச் சுற்றிவந்து, செலவின் ஒவ்வொரு காசுக்கும் கணக்குப் பார்த்து, எடுத்தது மனத்துக்கு ஒவ்வாவிடின் எவ்வளவு செலவாயினும் மீண்டும் எடுத்தவர். வெள்ளை உடையும் அடக்கமான பேச்சும் அவருடைய அடையாளங்கள். தமக்குக் கிட்டாத கல்வி பிறர்க்குக் கிட்டவேண்டும் என்று, மனைவியார் இராஜேசுவரி அம்மையார் பெயரால் அவருடைய குடும்பம் சென்னையில் பள்ளி நடத்தியது. தம் அனுபவங்களைத் தாமே நூலாக எழுதினார். அதில் வெற்றியைப் போலவே தோல்வியையும் சொல்லியுள்ளார். 1979 ஆகஸ்டு 12ஆம் நாள் தம் எழுபத்திரண்டாம் வயதில் காலமானார். 2006இல் இந்திய அரசு அவருடைய உருவம் பொறித்த அஞ்சல்தலை வெளியிட்டது.

மாணவ நண்பர்களே, அவருடைய வாழ்வில் நாம் கொள்ளத்தக்கவை பல. விழுந்த இடத்திலேயே காரணத்தைத் தேடும் பழக்கம். ஓலைக்கொட்டகையாயினும் இருந்த இடத்தில் தொடங்கும் ஊக்கம். விலை கொடுத்து வாங்கியதைப் பொதுநலத்துக்கு விட்டுக்கொடுக்கும் பெருந்தகைமை. இவற்றுக்கு மேலாக ஒன்று உண்டு. நம்மைப் பற்றிய சித்திரத்தை நாற்பதாண்டுக் காலம் பிறர் வரைந்தனர். அன்பாகவே வரைந்தனர், ஆயினும் வெளியில் நின்று வரைந்தனர். அவர்களுக்குத் தெரிந்தது நம் சிரிப்பும் ஆட்டமும். நம் விடுதி அறையின் இரவு விவாதமும், கட்டணம் கட்ட இயலாத மாணாக்கனின் மௌனமும், ஊர்வலத்துக்குப் போவதா பரீட்சைக்குப் போவதா என்று தத்தளிக்கும் உள்ளமும் அவர்களுக்கு எட்டவில்லை. திருவாரூர்ப் பள்ளியில் கையெழுத்துப் பத்திரிகை நடத்திய ஒரு சிறுவனின் எழுதுகோல் திரையின் மொழியையே மாற்றியதைக் கண்டோம். அத்தகைய எழுதுகோல் நம் கலாசாலையிலும் இருக்கலாம். பள்ளிப் படிப்பையும் துறந்து கடைக்குச் சென்ற காரைக்குடிச் சிறுவர் ஒருவர் நம்மைப் பற்றி இத்தனை சொல்லிச் சென்றார். கலாசாலையிலேயே இருக்கும் நாம் நம்மைப் பற்றி ஒன்றும் சொல்லாதிருத்தல் முறையோ?